அலசலில் போகிற தண்ணீர்

புதிதாக வாஷிங் மெஷின் வாங்கப் போகிறவர்கள், "ஃப்ரண்ட் லோடா, டாப் லோடா, எது நல்லதுன்னு சொல்லேன்" என்று என்னிடம் கேட்பார்கள். "உங்க வீட்டுக்குத் தண்ணி எங்கேருந்து வருது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். மெஷினைக் கேட்டால் தண்ணீரை விசாரிக்கிறாளே என்று ஒரு பார்வை கிடைக்கும். ஆனால் அது தெரியாமல் பதில் சொல்ல முடியாது. மெட்ரோ வாட்டர் வருகிற வீட்டுக்கு ஒரு கணக்கு, போர் தண்ணீருக்கு ஒரு கணக்கு, லாரித் தண்ணீரை சம்பில் இறக்கி மோட்டார் போட்டு ஏற்றுகிற வீட்டுக்கு இன்னொரு கணக்கு. நாங்கள் இருப்பது சென்னையின் தெற்கு ஓரத்தில். பாதி நாள் போர், மீதி நாள் லாரி.

நகரங்களில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று நம் நாட்டில் ஒரு பழைய அளவுகோல் உண்டு. அதில் குளிக்க 55, கக்கூசுக்கு 30, துணிக்கு 20 என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நாலு பேர் உள்ள வீட்டுக்குத் துணிக்கு மட்டும் வாரத்துக்கு 560 லிட்டர். கேட்க நிறையத்தான் தெரிகிறது. முழு ஆட்டோமேட்டிக் டாப் லோடு மெஷின் ஒரு முறை ஓடினால் நூறிலிருந்து நூற்றைம்பது லிட்டர் வரை குடிக்கும். வாரத்துக்கு நாலைந்து முறை ஓடினால் அந்த ஒதுக்கீடு தீர்ந்துபோகும். ஃப்ரண்ட் லோடு அதே துணியை ஐம்பது, அறுபது லிட்டரில் முடித்துவிடும். குழாயடியில் கையால் துவைப்பதுதான் சிக்கனம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். பக்கெட்டில் அலசினால் சரி. குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் அலசினால், நிமிடத்துக்குப் பத்து லிட்டர் வீதம் பத்தே நிமிடத்தில் டாப் லோடு மெஷினுக்குச் சமமாகிவிடும்.

சரி, இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது? அழுக்கை எடுக்க என்று நினைத்தால் தப்பு. அழுக்கு எடுப்பது ஒரு தண்ணீரில் முடிந்துவிடுகிறது. மீதி இரண்டு, மூன்று தண்ணீரும் நாம் போட்ட பவுடரை எடுக்கத்தான் போகிறது. துணிச் சிக்கனம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் வெந்நீர், ஸ்டார் ரேட்டிங் என்று ஆரம்பிப்பார்கள். நான் அலசலில் ஆரம்பிக்கிறேன், நம் வீடுகளில் தண்ணீர் கொட்டுவது அங்கேதான்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். மூன்று கிலோ பருத்தித் துணியை சோப்புத் தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்டத் தூக்கினால் அதற்குள் சுமார் 6 லிட்டர் சோப்புத் தண்ணீர் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே 40 லிட்டரில் ஒரே தடவையாக முக்கி அலசினால், 6 லிட்டர் சோப்பு 46 லிட்டரில் கலந்துவிடும். துணியைத் தூக்கும்போது மறுபடி 6 லிட்டர் கூடவே வரும். அதாவது, சோப்பில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு துணியிலேயே தங்கிவிட்டது. அதே 40 லிட்டரை இரண்டு இருபதாகப் பிரித்து இரண்டு முறை அலசினால் மிஞ்சுவது பத்தொன்பதில் ஒரு பங்கு. இப்போது ஒவ்வொரு அலசலுக்கும் முன்னால் துணியை ஸ்பின்னரில் போட்டு, உள்ளே நிற்கிற தண்ணீரை 2 லிட்டராகக் குறைத்துவிடுங்கள். இரண்டு இருபது லிட்டர் அலசலுக்குப் பிறகு மிஞ்சுவது 121-ல் ஒரு பங்கு! தண்ணீர் அதே நாற்பதுதான். இன்னும் வேடிக்கை, ஸ்பின் பண்ணிவிட்டு 20 லிட்டரில் ஒரே ஒரு முறை அலசினாலே பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். பிழியாமல் 40 லிட்டரில் அலசியதைவிட இது மேல், பாதித் தண்ணீரில். நூலிழையில் ஒட்டிக்கொள்ளும் சோப்பு இந்தக் கணக்குக்கு முழுதாகக் கட்டுப்படாது, அதனால் நிஜத்தில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். போகிற திசை இதுதான்.

செமி ஆட்டோமேட்டிக் வைத்திருக்கிற பல வீடுகளில் நான் பார்ப்பது என்னவென்றால், துவைத்த தொட்டியிலேயே அழுக்குத் தண்ணீரை வடித்துவிட்டு, பிழியாமல் அப்படியே நல்ல தண்ணீரைத் திறந்துவிடுகிறார்கள். துணிக்குள் அத்தனை சோப்பும் அப்படியே இருக்கிறது. ஒரு தொட்டி, இரண்டு தொட்டி, மூன்றாவது தொட்டி என்று ஊற்றிக்கொண்டே இருந்தாலும் வழவழப்பு போகாது. கடைசியில்தான் ஸ்பின்னர். அந்த ஸ்பின்னரை முன்னால் கொண்டு வாருங்கள். துவைத்ததும் ஒரு நிமிடம் சுற்றவிட்டு, பிறகு அலசுங்கள். நடுவில் ஒரு நிமிடம், கடைசியில் காயப்போட நாலைந்து நிமிடம். ஸ்பின்னர் மோட்டார் தின்னுகிற கரண்ட் ரொம்பக் கொஞ்சம். இப்படிச் செய்தால் ஒரு தொட்டித் தண்ணீர் கண்டிப்பாக மிஞ்சும். ஃப்ரண்ட் லோடு மெஷின் குறைந்த தண்ணீரில் அலசி முடிப்பதற்கும் இதுதான் ஒரு பெரிய காரணம். ஒவ்வொரு அலசலுக்கும் நடுவில் அது தானே துணியைப் பிழிந்துவிடுகிறது.

இதை எல்லாம் எந்தக் கணக்கும் போடாமல் எங்கள் அம்மா செய்துகொண்டிருந்தார். ஊரில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று வாளி. முதலாவதில் ஊறல், இரண்டாவது முதல் அலசல், மூன்றாவது கடைசி அலசல். வெள்ளைத் துணி முதலில் போகும். அது முடிந்ததும் மூன்றாவது வாளியைக் கொட்ட மாட்டார், அது அடுத்த ஈட்டுக்கு முதல் அலசல் வாளியாக நகர்ந்துவிடும். முன்பு முதல் அலசலாக இருந்தது கலர் துணி ஊறப்போகும் வாளி. புதுத் தண்ணீர் எப்போதும் கடைசி வாளிக்கு மட்டும். கால்மிதி, கரித்துணி எல்லாம் கடைசி ஈடு. ஒவ்வொரு உருப்படியும் வாளி மாறும்போது முறுக்கிப் பிழிந்துதான் மாறும். மருத்துவமனை, ஹோட்டல் விரிப்புகளை டன் கணக்கில் துவைக்கிற பெரிய ஆலைகளில் 'டனல் வாஷர்' என்று நீளமான மெஷின் இருக்கிறது. துணி ஒரு பக்கமிருந்து முன்னேறும், தண்ணீர் மறுமுனையிலிருந்து எதிர்த்திசையில் வரும். சுத்தமான துணியைத் தொட்ட தண்ணீர் அதைவிட அழுக்கான துணிக்குப் போகும். கோடிக்கணக்கில் விலை போட்டு விற்கிற தத்துவம் அதுதான், மூன்று வாளி.

செமி ஆட்டோமேட்டிக்கில் இதைச் சுலபமாகச் செய்யலாம். முதல் ஈடு வெள்ளையும் வெளிர் நிறமும். துணியை மட்டும் எடுத்து ஸ்பின்னரில் போட்டுவிட்டு, தொட்டியில் இருக்கிற சோப்புத் தண்ணீரிலேயே அரைக் கரண்டி பவுடர் சேர்த்து கலர் துணி. அதன் பிறகு ஜீன்ஸ், கால்மிதி. சாயம் போகிற புதுத்துணியை மட்டும் இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். காய்ச்சலில் கிடந்தவர் துணியையும், குழந்தையின் மூத்திரத் துணியையும் கூடச் சேர்க்க வேண்டாம்.

அடுத்தது பவுடர். இங்கேதான் அம்மாவுக்கும் எனக்கும் ஒத்துவராது. என் மெஷினின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி இது, நுரையே காணோம்? துணி எப்படி வெளுக்கும்?" என்பார். "நுரை வேற, வெளுப்பு வேறம்மா" என்றால் நம்ப மாட்டார். அவரைச் சொல்லி என்ன, நுரை பொங்குவதைக் காட்டியே நமக்கு சோப்பு விற்றிருக்கிறார்கள். 1959-ல் இந்தியாவுக்கு சர்ஃப் வந்தது. 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கி, பவுடர் என்பதை எல்லா வீட்டுக்கும் கொண்டு போனார். அன்றிலிருந்து பக்கெட்டில் நுரை மலை மாதிரி எழுந்தால்தான் காசுக்கு ஈடு என்ற எண்ணம் ஊறிவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் சர்ஃப் எக்செல் குவிக் வாஷ் என்று குறைவாக நுரைக்கும் பவுடரைக் கொண்டு வந்து, தினம் இரண்டு பக்கெட் தண்ணீர் மிச்சம் என்று விளம்பரம் செய்தார்கள். நுரை குறைந்தால் அலசல் குறையும் என்று பவுடர் விற்கிறவர்களே சொன்ன அபூர்வமான விளம்பரம் அது. அழுக்கை எடுப்பது நுரைக்கு அடியில் தண்ணீரில் கரைந்திருக்கிற சோப்பும், பவுடரில் சேர்த்திருக்கிற நொதிகளும். நுரை மேலே மிதந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறது, அவ்வளவுதான்.

ஃப்ரண்ட் லோடில் பவுடர் கூடினால் நஷ்டம் இன்னும் பெரிது. நுரை டிரம்முக்குள் மெத்தை போல நின்றுகொண்டு, துணி மேலிருந்து கீழே விழுந்து அடிபடுவதைத் தடுத்துவிடும். துணி விழுந்து அடிபடுவதுதான் அந்த மெஷினின் துவைப்பே. பல மெஷின்களில் நுரையைக் கண்டுபிடிக்கிற ஏற்பாடு இருக்கிறது. நுரை அடங்கும்வரை அது ஸ்பின்னை நிறுத்தி, தானாகவே இன்னொரு அலசல் சேர்த்துவிடும். "ஒண்ணேகால் மணி நேரம்னு காட்டிச்சு, ரெண்டு மணி நேரமா ஓடுது" என்று புலம்புகிறவர்கள் முதலில் பவுடர் கரண்டியைப் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டில் பவுடர் அதிகமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன். துவைத்துக் காய்ந்து மடித்து வைத்த டர்க்கி டவல் ஒன்றை எடுங்கள். பக்கெட்டில் பாதியளவு வெறும் தண்ணீர் பிடித்து, டவலை முக்கி, இரண்டு கையாலும் நன்றாகக் கும்முங்கள். தண்ணீர் பால் மாதிரி கலங்கி, ஓரத்தில் குமிழ் கட்டுகிறதா? அதெல்லாம் போன வாரமும் அதற்கு முந்தின வாரமும் போட்ட பவுடர். நாம் உடம்பு துடைக்கிற டவல் அது. விறைப்பாக, சொரசொரவென்று இருந்தால் கண்டிப்பாகக் கலங்கும். அப்படியென்றால் அடுத்த சில துவைப்புக்கு பவுடரைப் பாதியாக்கலாம், துணி ஒன்றும் கெட்டுவிடாது.

ஆனால் போர் தண்ணீர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. உப்புத் தண்ணீர் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், துணிக்குத் தொல்லை கொடுப்பது அதிலிருக்கிற கால்சியமும் மக்னீசியமும். குடிநீருக்கான இந்தியத் தரம் இந்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது, வேறு வழியே இல்லையென்றால் 600 வரை. பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறதா? அந்தத் தண்ணீரில் போட்ட பவுடரில் ஒரு பகுதி கால்சியத்தைக் கட்டிப்போடவே செலவாகிவிடும். அழுக்குக்கு மிஞ்சுவது மீதிதான். அதற்காகப் பவுடரைக் கூட்டுவதைவிட, பவுடருக்கு முன்னால் ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்துவிடுங்கள், விலையும் மலிவு. சமையல் சோடா இல்லை, சலவைச் சோடா. கையை அரிக்கும் என்பதால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டு, கம்பளிப் பக்கம் கொண்டு போகாதீர்கள். அவற்றுக்குப் பூந்திக்கொட்டை இருக்கவே இருக்கிறது. மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்து வைக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மழைத்தண்ணீரில் துவைத்துப் பாருங்கள், கால் பங்கு பவுடரே அதிகம் என்று தோன்றும்.

இப்போது கரண்ட். துவைக்கிற மோட்டார் அப்படியொன்றும் கரண்ட் தின்னாது. தின்னுவது தண்ணீரைச் சூடாக்குகிற ஹீட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும், ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். ஃப்ரண்ட் லோடு துவைக்கும்போது எடுத்துக்கொள்கிற சுமார் 15 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டு போக அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். துணியும் டிரம்மும் சூடாவது தனி. தினம் ஒரு முறை 60 டிகிரியில் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் முப்பது யூனிட்டுக்கு மேல். நம் ஊரில் முதல் நூறு யூனிட் இலவசம் என்பதால் முப்பது பெரிதாகத் தெரியாது. ஆனால் 500 யூனிட் எல்லையில் நிற்கிற வீடுகளுக்கு முப்பது என்றால் என்ன என்று ஈ.பி. பில் சொல்லும். 500-ஐத் தாண்டினால் அதற்கு முன்னால் ஓடிய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்து விலை ஏறிவிடுகிறதே.

ஐரோப்பாவில், "60 டிகிரியை விடுங்கள், 30 டிகிரியில் துவையுங்கள்" என்று வருடக்கணக்காகப் பிரசாரம் செய்கிறார்கள். சென்னையில் குழாயைத் திறந்தால் வருவதே ஏறக்குறைய 30 டிகிரி. மே மாத மதியத்தில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வருகிற தண்ணீரில் கை வைத்தால் வெடுக்கென்று இழுத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் மெஷினைப் போட்டால் வெந்நீர் இலவசம். ஆனால் அந்த ஊர்க்காரர்களுக்காகச் செய்த ப்ரோகிராமைத்தான் நமக்கும் விற்கிறார்கள். 'காட்டன்' என்று அழுத்தினால் பெரும்பாலான ஃப்ரண்ட் லோடில் 40 டிகிரியோ 60 டிகிரியோ தானாக வந்து நிற்கும். டெம்பரேச்சர் பட்டனைத் தேடி அழுத்தி, 'கோல்ட்' வரும்வரை குறைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் வீடுகளில் இதில் இன்னொரு லாபமும் உண்டு. மெஷினுக்குள் சுண்ணாம்பு அதிகம் படிவது தண்ணீர் சூடாகும்போதுதான். ஹீட்டரை ஓட்டவில்லை என்றால் காயிலில் வெள்ளைப் பாறை கட்டாது, சர்வீஸ்காரர் வந்து காயில் மாற்றச் சொல்ல மாட்டார்.

ஊட்டி, கொடைக்கானல் வாசகர்கள் இதை அப்படியே பின்பற்ற வேண்டாம். தேங்காயெண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். தலையணை உறையில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறாத வீடு நம்மிடம் ஏது? சென்னைத் தண்ணீரில் அந்த எண்ணெய் இளகிய நிலையிலேயே இருப்பதால் சோப்பு அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும். ஊட்டித் தண்ணீரில் அது மெழுகாக நிற்கும், எவ்வளவு பவுடர் போட்டாலும் அசையாது. அங்கே 40 டிகிரி தேவைதான். இங்கேயும் சில துணிக்கு வெந்நீர் வேண்டும். சமையலறைக் கரித்துணி, நோயாளியின் படுக்கை விரிப்பு, வீட்டில் யாருக்காவது சிரங்கு வந்தால் அவர்கள் துணி, தூசி ஒவ்வாமைக்காரர்களின் தலையணை உறை. இவற்றைச் சேர்த்து வைத்து ஒரே ஈடாக 60 டிகிரியில் போட்டுவிட்டால் முடிந்தது.

கறைக்கு மறுபடி மறுபடி மெஷினை ஓட்டுவது இன்னொரு வீண். ரத்தக் கறை, பால் கறை பச்சைத் தண்ணீரில் ஊறினாலே இளகிவிடும், வெந்நீர் ஊற்றினால் அதிலிருக்கிற புரதம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையில் சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகி வயிற்றைக் கலக்குமே, அப்போது பயந்துபோய் இன்னொரு துவைப்பு போடாதீர்கள். சோப்பின் காரம் பட்டால் மஞ்சள்தூள் சிவக்கும். அலசிவிட்டு, ஈரத்தோடு கறை பட்ட பக்கம் வெயிலைப் பார்க்கும்படி கொடியில் போடுங்கள். மஞ்சள் நிறம் வெயிலுக்குத் தாங்காது, ஓரிரண்டு வெயிலில் வெளுத்துவிடும்.

வெயில் என்றதும் டிரையர் ஞாபகம் வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, சாதாரண வெப்பநிலையில் 0.67 யூனிட் சக்தி வேண்டும். எந்த கம்பெனி மெஷினாக இருந்தாலும் மாறாத கணக்கு இது. மூன்று கிலோ துணி நல்ல ஸ்பின்னுக்குப் பிறகும் இரண்டு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரை வைத்திருக்கும். சூட்டுக்காற்று டிரையருக்கு ஒன்றேகால் யூனிட்டுக்குக் குறைந்து வேலை ஆகாது, வீணாகிற சூட்டையும் சேர்த்தால் இன்னும் கூடும். கொடியில் போட்டால் அவ்வளவையும் வெயில் கொடுக்கிறது. ஆனால் இப்போது பல அடுக்குமாடிகளில் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று விதி. கட்டடத்தின் அழகு கெடுகிறதாம்! மொட்டை மாடிக்கும் பூட்டு. வருடத்தில் ஒன்பது மாதம் வெயில் கொளுத்துகிற ஊரில், கரண்ட் செலவழித்துத் துணி காயவைக்கச் சொல்கிற இந்த விதியை எந்தச் சங்கக் கூட்டத்தில் யார் நிறைவேற்றினார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. உங்கள் அடுக்குமாடியில் இருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேறு வழியில்லை, வீட்டுக்குள்தான். அப்போது ஸ்பின்னை இரண்டாவது முறை தனியாகப் போட்டு, துணிக்குத் துணி இடைவெளி விட்டு, மின்விசிறிக்குக் கீழே போடுங்கள். பழைய 75 வாட் விசிறி எட்டு மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட், பி.எல்.டி.சி. விசிறி என்றால் அதில் பாதிகூட இல்லை. நெருக்கிப் போட்டு மெதுவாகக் காய்ந்தால் பூசணம் பிடித்த நாற்றம் வரும், அதைப் போக்க மறுபடி துவைக்க வேண்டியிருக்கும். இருந்த மிச்சமெல்லாம் அதில் போய்விடும். உதறி, ஓரம் இழுத்துக் காயப்போட்ட சட்டைக்கு இஸ்திரி வேலையும் பாதிதான்.

2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்தக் கோடையில்தான் எங்கள் அடுக்குமாடியில் பல வீடுகளின் மெஷின் பைப் சாக்கடையிலிருந்து தண்ணீர் பிடிக்கிற டிரம்முக்கு மாறியது. மழை வந்ததும் முக்கால்வாசிப் பேர் பழையபடி மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் மாற்றவில்லை. செய்முறை எளிது, ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஃப்ரண்ட் லோடு மெஷினின் வெளியேற்றும் பைப்பைத் தரையில் போடக் கூடாது. முனை இரண்டிலிருந்து மூன்றடி உயரத்தில் நிற்க வேண்டும். தாழ இருந்தால் மெஷினுக்குள் இருக்கிற தண்ணீர் தானாகவே சைபன் ஆகி வடிந்துகொண்டிருக்கும். மெஷின் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் இழுக்கும். மிச்சம் பிடிக்கப் போய் இரட்டிப்பாகச் செலவாகும். உயரமான டிரம்மின் வாயில் வளைவுக் கொக்கியோடு மாட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் வருகிற சோப்புத் தண்ணீர் ஒரு டிரம், பின்னால் வருகிற அலசல் தண்ணீர் இன்னொன்று. சோப்புத் தண்ணீரில் பாத்ரூம் தரை, படிக்கட்டு, கார் நிறுத்துகிற இடம். அலசல் தண்ணீரை கக்கூசில் பக்கெட்டால் ஊற்றலாம், ஆறு லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றினால் போதும். ஃப்ளஷ் டேங்கில் ஊற்றாதீர்கள், துணிப் பிசிறு வால்வில் மாட்டும். தோட்டம் உள்ளவர்கள் அலசல் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் கல்வாழைக்கும் விடலாம். தொட்டியில் வைத்த கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் வேண்டாம், பவுடரிலிருக்கிற சோடியம் தொட்டி மண்ணை இறுக்கிவிடும். பிடித்த தண்ணீரை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். மறுநாள் நாறும், மூடாமல் விட்டால் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டிரம்மிலிருந்து பக்கெட்டில் மொள்வதும், வாளி வாளியாக நகர்த்துவதும், துணியைத் தூக்கி ஸ்பின்னரில் போடுவதும் யாரோ ஒருவருடைய முதுகுதான். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணுடையதோ, துணி துவைக்க வருகிற அக்காவுடையதோ. இந்தப் பதிவைப் படித்துவிட்டு, "இனிமே இப்படித்தான் அலசணும்" என்று அவர்களிடம் உத்தரவு போடுகிற ஆண்கள் அந்த டிரம்மை ஒரு வாரம் தாங்களே காலி செய்துவிட்டுப் பேசட்டும்.

கடைசியாக, கேட்டவர்களுக்குப் பதில். தண்ணீர் விடாமல் வருகிறது, குழாயில் அழுத்தமும் இருக்கிறது என்றால் ஃப்ரண்ட் லோடு வாங்குங்கள், கோல்டில் ஓட்டுங்கள், டிரம்மின் மேல்பக்கம் ஒரு கை அகலம் விட்டு மீதியை நிரப்பிய பிறகே போடுங்கள். கடையில் ஸ்டார் லேபிளில் நட்சத்திரத்தோடு, ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் என்ற எண்ணையும் பார்த்து ஒப்பிடுங்கள். பள்ளிக்கூட யூனிஃபார்ம் மாதிரி தினம் இரண்டே உருப்படிக்கு மெஷினைத் தொடாதீர்கள், ஒரு பக்கெட்டில் கையால் முடித்துவிடலாம். குழாயில் அழுத்தம் இல்லை, தண்ணீர் சில மணி நேரம்தான் வரும், குடத்தில் பிடித்து வைக்கிறோம் என்றால் செமி ஆட்டோமேட்டிக்தான் சரி. விலையும் குறைவு. டாப் லோடு முழு ஆட்டோமேட்டிக்கை லாரித் தண்ணீர் வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புது மெஷின் வந்த சந்தோஷத்தில் பழைய செமி ஆட்டோமேட்டிக்கை எடைக்குப் போடக் கிளம்புகிறவர்கள், அதில் ஸ்பின்னர் ஓடுகிறதா என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். ஓடினால் போடாதீர்கள். கையால் துவைக்கிற துணிக்கு அது ஒன்று போதும், பாதித் தண்ணீர் மிச்சமாகும்.